தண்ணீர் தாண்டி வந்த சத்தம்

எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதன் வருத்தத்தைச் சொல்லிவிடுவான் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைப் பரப்பியவர்களில் முதல் ஆள் நான்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். திருகோணமலையில் வள்ள எஞ்சின் திருத்துகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்க, சல்லியிலிருந்தும் மூதூரிலிருந்தும் என்னைத் தேடி வந்தார்கள். சிலர் நடுக்கடலில் நின்றபடி போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடிப்பார்கள். நான் வீட்டில் பிட்டைக் குழைத்தபடி, "ரெண்டாவது பிளக்கைக் கழட்டுங்கோ" என்பேன். காதைப் பற்றி இவ்வளவு பெருமைப்பட்டவனுக்குக் கடவுள் எங்கே அடிப்பார்? காதில்தான்.

ஆறு வருடங்களுக்கு முன்பு நான் ஒரு ஹெலிகொப்டர் செய்யத் தொடங்கினேன். (ஏன் என்று கேட்காதீர்கள். என் மனைவி பிலோமினா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.)

வழக்கமான ஹெலிகொப்டரில் மேலே ஒரு காற்றாடிதான். அது ஒரு பக்கம் சுற்றும்போது உடம்பு மறுபக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலில் இன்னொரு சின்னக் காற்றாடி. நான் தாளில் கீறியது வால் இல்லாத சாதி. ஒரே அச்சில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு காற்றாடிகள். மேலே உள்ளது வலப்பக்கம் சுற்றும், கீழே உள்ளது இடப்பக்கம். இரண்டின் இழுவையும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். காற்றாடி இலைகளை வள்ளம் வார்க்கும் பைபரில் நானே வார்த்தேன். ஒவ்வொன்றையும் சுற்றத் தனித்தனியாக ஒரு பழைய வள்ள எஞ்சின். அலுமினியக் குழாய்ச் சட்டம், ஆள் இருக்கக் கால் வெட்டிய பிளாஸ்டிக் கதிரை. அவ்வளவுதான் விமானம்.

அன்புவழிபுரத்தில் எங்கள் வளவில் இதற்கு இடம் காணாது. உள்துறைமுகக் கரையில், கூரை போன பழைய ஐஸ் களஞ்சியம் ஒன்று கிடைத்தது. நாலு பக்கமும் தடித்த சுவர், மேலே வானம். இயந்திரத்தை நிலத்தோடு சங்கிலியால் கட்டி, பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் அரை மணித்தியாலம் ஓடவிடுவேன். காதில் பெரிய அடைப்பான். கேட்பவர்களிடம் "வள்ள எஞ்சின் ஓட்டிப் பாக்கிறன்" என்பேன். பறப்பதற்கு அனுமதி எடுக்க வேண்டும் என்பது தெரியும். முதலில் பறக்கட்டும், பிறகு கேட்கலாம் என்று இருந்தேன். (அந்த வயதில் என் அறிவு அப்படித்தான் வேலை செய்தது.)

இரண்டு மாதம் போனது. ஒருநாள், தண்ணீருக்கு அக்கரையில் கிண்ணியாவில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் நிசாம் நானா என் பட்டறைக்கு வந்தார். நான் குழாய் வாங்குவது அவரிடம்தான். வழக்கமாக வாசலிலேயே சிரித்துக்கொண்டு உள்ளே வருகிறவர், அன்று சிரிக்காமல் வந்து கதிரையில் இருந்தார்.

"பாஸ், ஒங்கட காது வேணும்."

"என்ன நானா, எந்த எஞ்சின்?"

"எஞ்சினா எண்டுதான் தெரியல்ல. ரெண்டு மாசமா, அசர் தொழுகைக்குப் பொறகு, பின்னேரம், கடலுக்கு மேலால ஒரு சத்தம் வருது. தும்... தும்... தும்... எண்டு. ஒரு நேரம் கிட்ட வாற மாதிரி, ஒரு நேரம் தூரப் போற மாதிரி. கடலப் பாத்தா ஒண்டுமில்ல."

"வள்ளமாயிருக்கும்."

"வள்ளமெண்டா கண்ணுக்குத் தெரியாதா? அந்தச் சத்தம் வந்தா நாயெல்லாம் கொரைக்கிறத நிப்பாட்டிட்டு வீட்டுக்குள்ள பூருது." குரலைத் தாழ்த்தினார். "என்ட கூடப்பொறந்த றாத்தா ஜெசீமாவத் தெரியும்தானே. அவட புருசன், எங்கட மச்சான், கடலுக்குப் போய் நாலு வருசம். ஆளுமில்ல, வள்ளமுமில்ல. அது அவர்ட எஞ்சின்தான் எண்டு றாத்தா சொல்றா. சத்தம் கேட்டா, அடுப்புல கெடக்கிறத அப்பிடியே போட்டுட்டுக் கரைக்குப் போறா. இருட்டுற வரைக்கும் அங்கயே நிக்கிறா. அந்த எஞ்சினுக்கு வேல செஞ்சது நீங்கதானே. ஒருக்கா வந்து கேட்டு, அதுதானா இல்லையா எண்டு சொல்லுங்க."

அந்த எஞ்சினை எனக்கு நன்றாகத் தெரியும். ஒற்றைச் சிலிண்டர். மெதுவாக ஓடும்போது தும், தும் என்றுதான் அடிக்கும்.

அசருக்குப் பிறகு என்றதும், இரண்டு மாதம் என்றதும் என் மண்டையில் ஏதாவது தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. அந்த நேரம் நான் களஞ்சியத்தில் வேலையாக இருப்பதால்தான் எனக்கு அது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் இயந்திரம் கர்ர் என்று கத்தும். தும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மறுநாள் வேலையை நிறுத்திவிட்டுக் கிண்ணியாவுக்குப் போனேன். கரையில் இருபது முப்பது பேர் நின்றார்கள். மீன்பிடிப்பவர்கள் நேரத்தோடே வள்ளங்களை மேலே இழுத்துவிட்டிருந்தார்கள். ஜெசீமா றாத்தா எல்லோருக்கும் முன்னால், அலை காலைத் தொடும் இடத்தில் நின்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பினார். கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை எதுவும் கேட்கவில்லை.

அடுத்த நாளும் போனேன். சத்தம் இல்லை. மூன்றாம் நாளும் இல்லை, நாலாம் நாளும் இல்லை.

கரையில் என் மதிப்பு ஏறத் தொடங்கியது. "பாஸ் வந்தா அது வருகுதில்ல" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஆமோதித்தார்கள். எனக்குக் கதிரை வந்தது, தேத்தண்ணி வந்தது. நாலாம் நாள் தேங்காய்ப்பாலில் அவித்த வட்டிலப்பம் வந்தது. ஒரு வயோதிபர் என் கையைப் பிடித்து, "ஒங்கள்ட்ட ஏதோ இருக்கு தம்பி" என்றார். நான் மறுக்கவில்லை. (வட்டிலப்பம் நல்ல ருசி.) றாத்தா மட்டும் என்னை வேறு விதமாகப் பார்த்தார். அவர் காத்திருந்த ஆளை வாசலிலேயே மறித்து வைத்திருப்பவனைப் பார்ப்பது போல.

ஐந்தாம் நாள் ஒரு சிக்கல். புதிதாகப் போட்ட பேரிங்குகளை உடனே ஓடவிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. பிலோமினாவின் தம்பி சேவியரிடம் சாவியைக் கொடுத்து, "அஞ்சரைக்கு ரெண்டு எஞ்சினையும் இயக்கு. கிட்டப் போகாத. ஏதும் எண்டால் எனக்குப் போன் எடு" என்று சொல்லிவிட்டுக் கிண்ணியாவுக்குப் போனேன்.

அன்று காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. காகங்கள் ஒரே நேரத்தில் எழும்பி ஊருக்குள் போயின. முதலில் அது காதுக்கு வரவில்லை. என் கையிலிருந்த தேத்தண்ணியின் மேல் வட்டம் வட்டமாக ஒரு நடுக்கம் வந்தது. பிறகு நெஞ்சுக்குள், என் இதயத்துக்குப் பக்கத்தில் இன்னொரு இதயம் அடிப்பது போல.

தும்... தும்... தும்...

எந்தத் திசை என்று சொல்ல முடியவில்லை. நெருங்கியது, நெருங்கியது, கால் நனையும் தூரத்துக்கு வந்துவிட்டது என்று நினைக்கும்போது விலகிப் போனது. கடலில் ஒரு கட்டைகூட மிதக்கவில்லை. றாத்தா தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கிவிட்டார்.

நிசாம் நானா என் தோளைப் பிடித்தார். "சொல்லுங்க பாஸ். அதுதானா?"

இருபது வருட அனுபவத்தை ஒன்றாகத் திரட்டி நான் சொன்னேன்: "இது எஞ்சினே இல்லை நானா. மனிசன் செய்த ஒண்டும் இப்பிடிச் சத்தம் போடாது."

சொல்லிவிட்டு ஓடினேன். ஊரே நின்ற இடத்தில் நிற்க, ஓடியவன் நான் ஒருவன்தான். மேலே இழுத்து வைத்திருந்த ஒரு வள்ளத்தின் பின்னால் போய்க் குந்தி, தெரிந்த புனிதர்கள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சட்டைப் பைக்குள் போன் அடித்தது.

"அத்தான், ரெண்டும் நல்லா ஓடுது. இன்னும் கொஞ்சம் கூட்டட்டோ?"

சேவியரின் குரலுக்குப் பின்னால் கர்ர் என்று என் எஞ்சின்கள். என் மறு காதில் தும், தும்.

"சேவியர்," என்றேன். "நிப்பாட்டு."

போனில் கர்ர் நின்றது. கடலில் நிற்கவில்லை. எஞ்சின் நின்ற பிறகும் தும், தும் என்று அது வந்துகொண்டேயிருந்தது. பதினைந்து வரை எண்ணியிருப்பேன். பிறகு வெட்டினாற்போல் நின்றது. சத்தம் தண்ணீரைக் கடந்து வர எடுக்கும் நேரம் அது என்று இன்றைக்குச் சொல்வேன். அந்தப் பதினைந்து விநாடியில் எனக்குப் பௌதிகம் ஞாபகம் வரவில்லை.

நிச்சயப்படுத்த வேண்டுமே. "திரும்ப இயக்கு" என்றேன். கொஞ்ச நேரத்தில் அது திரும்ப வந்தது. "நிப்பாட்டு." திரும்ப நின்றது.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். முழுக் கரையும் என்னைச் சுற்றி நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நனைந்த உடுப்போடு றாத்தா வந்தார்.

"தம்பி, நீங்க ஆரோட கதைச்சீங்க?"

நான் குந்திய இடத்திலிருந்து எழும்பினேன்.

"நீங்க சொல்ல அது கேக்குதே. ஆரு அது?" கையை நீட்டினார். "போன என்ட்டத் தாங்க."

கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நீண்ட நேரம் கேட்டார். பிறகு போனைத் திருப்பித் தந்தார்.

"அக்கா இடியப்பம் அவிச்சிருக்கிறாவாம்," என்றார். "வரக்குள்ள தேங்காய் வாங்கிட்டு வரட்டாம்."

அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ஹெலிகொப்டர், களஞ்சியம், இரண்டு எஞ்சின், போனில் பேசிய சேவியர். ஒரே உரலில் இரண்டு பேர் நெல்லுக் குத்தினால் உலக்கைகள் சில நேரம் மாறி மாறி விழும், சில நேரம் ஒன்றாக விழும். என் எஞ்சின்கள் இரண்டும் ஒருநாளும் ஒரே வேகத்தில் ஓடியதில்லை. இரண்டும் ஒன்றாக விழும் அடி மட்டும்தான் தண்ணீரைத் தாண்டி வந்திருக்கிறது. கர்ர் என்பதைச் சுவர்கள் பிடித்து வைத்துக்கொண்டன. பின்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கினார். வட்டிலப்பம் தந்தவர் பாத்திரத்தைத் தேடினார். றாத்தா சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. திரும்பி வீட்டுக்கு நடந்தார். அவர் ஏசியிருந்தால் நான் அன்று நித்திரை கொண்டிருப்பேன்.

மறுநாள் காலை றாத்தா நிசாம் நானாவோடு களஞ்சியத்துக்கு வந்தார். கக்கத்தில் ஒரு சுருட்டிய கலண்டர். இயந்திரத்தைச் சுற்றி ஒருதரம் நடந்தார். வெட்டிய கதிரையைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுல இருந்தா மேல போகுமா?"

"இன்னும் போகேல்லை, றாத்தா."

"ஓட்டுங்க பாப்பம்."

ஓட்டினேன். காதைப் பொத்தாமல் கேட்டார். நிறுத்தச் சொல்லிக் கை காட்டிவிட்டு, "கிட்ட நிண்டா வேற சத்தம்" என்றார்.

பிறகு கலண்டரை விரித்தார். சத்தம் கேட்ட ஒவ்வொரு நாளையும் பேனையால் வட்டமிட்டிருந்தார். நானும் இயந்திரம் ஓட்டிய நாட்களைக் கொப்பியில் எழுதுவது வழக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எல்லாம் பொருந்தி வந்தன, மூன்றைத் தவிர. அடுத்தடுத்து மூன்று நாள். அந்த மூன்று நாளும் நான் பெல்ட் வாங்கக் கொழும்பில் நின்றேன். களஞ்சியத்தின் ஒரே சாவி என்னோடு கொழும்பில் இருந்தது.

அதைச் சொன்னேன். நிசாம் நானா சுவரைப் பார்த்தார். நான் கொப்பியை இன்னொரு தரம் புரட்டினேன்.

றாத்தா கலண்டரைச் சுருட்டினார். "மத்ததெல்லாம் ஒங்கட," என்றார். "அந்த மூணு நாளும் என்ட."

ஹெலிகொப்டர் பறந்ததா என்று கேட்பீர்கள். சங்கிலியோடு அரை அடி எழும்பியது. ஒரு மாதம் கழித்து மேல் காற்றாடியும் கீழ்க் காற்றாடியும் ஒன்றில் ஒன்று அடிபட்டு, பைபர்த் துண்டுகள் சுவரில் குத்தி நின்றன. நான் அப்போது வெளியே சேவியரோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பிலோமினா வந்து சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதோடு சரி. குழாய்களை நிசாம் நானாவே திரும்ப எடுத்துக்கொண்டார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்தப் போன் அடித்தாலும் யாராவது ஒருவர், "எடுங்கோ, தேங்காய் வாங்கி வரட்டாம்" என்பார்கள். கரண்ட் போனால், "ஆரிட்டச் சொன்னனீங்கள் நிப்பாட்டச் சொல்லி?" என்று பிலோமினா கேட்பாள். கிண்ணியாவில் கலியாண வீடுகளில் இந்தக் கதையை மிக நன்றாகச் சொல்வது ஜெசீமா றாத்தாதான். நான் ஓடிய தூரம் அவர் கதையில் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டு போகிறது. போன வருடம் கிண்ணியாப் பாலம் வரைக்கும் ஓடியிருந்தேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

அந்த மூன்று நாளை மட்டும் அவர் சொல்வதில்லை. இன்று எழுதும்வரை நானும் சொன்னதில்லை.