அத்தானின் மெடல் விவகாரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசிகளோடு எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் உனக்கு ஏதாவது ஒன்று என்றால்தான் அக்கா ஞாபகம் வரும், இதுவரை போன் வரவில்லை. மழை பரவாயில்லை. குழாயில் தண்ணீர் வருகிறது. விசாரிப்பு இத்தோடு முடிந்தது. இனி எழுதப் போவதை உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படித்தால் கால் வலிக்கும்.

உன் அத்தானுக்குப் பட்டாளத்தில் மூன்று மெடல் பாக்கி இருக்கிறது. அவர் அங்கே ரெக்கார்ட் குமாஸ்தாவாக இருந்தார் என்பது உனக்குத் தெரியும். யார் எந்தச் சண்டையில் இருந்தார், எந்த எல்லையில் காவல் நின்றார், அவருக்கு எந்த மெடல் சேரும் என்று பார்த்து ஒவ்வொருவர் சேவைப் பதிவிலும் ஏற்றுவதுதான் வேலை. ஆனால் குமாஸ்தா தன் பதிவைத் தானே தொடக்கூடாது, இன்னொரு குமாஸ்தாதான் எழுத வேண்டும் என்று அங்கே ஒரு விதி. அந்தப் பிரிவில் இன்னொரு குமாஸ்தாவே கிடையாது. வருவார் வருவார் என்று காத்திருந்தே உன் அத்தான் ஓய்வு பெற்று வந்துவிட்டார். ஊருக்கெல்லாம் மெடல் எழுதிக் கொடுத்தவர் பதிவில், குமாஸ்தா ஆவதற்கு முன்னால் வாங்கிய ஒரே ஒரு மெடல். “ஒரு வரி நீங்களே எழுதிக்கிட்டிருந்தா யாருக்குங்க தெரியப் போகுது?” என்று கேட்டேன். “எனக்குத் தெரியுமே” என்றார். இப்படிப்பட்ட மனுஷனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதற்கு நீண்ட சேவை மெடல் உண்மையில் எனக்குத்தான் தர வேண்டும், அதற்கு எந்த ஆபீஸில் விண்ணப்பிப்பது என்று தெரியவில்லை.

சரி, ஒரு மெடலோடு போகட்டும் என்று நானும் இருந்திருப்பேன். எங்கள் முன்னாள் வீரர் சங்கத் தலைவர் விட்டால்தானே. அவரை எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுவார்கள், ஆனால் பட்டாளத்தில் அவர் போர்வையும் பூட்ஸும் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோரில் இருந்தவர். ஆண்டு விழா அணிவகுப்பில் மெடல் அதிகம் உள்ளவர் முன்னால், குறைந்தவர் பின்னால் என்று அவர் ஒரு சட்டம் போட்டார். உன் அத்தான் கடைசி வரிசைக்குப் போனார். இவர் கையால் மெடல் ஏறிய ஆட்களெல்லாம் முன்னால் நெஞ்சு குலுங்க நடக்கிறார்கள், இவர் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார். நான் போய்க் கேட்டேன். “பதிவுல இல்லாத மெடல் சட்டையில இருக்கக் கூடாதும்மா” என்றார் தலைவர். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால், “அவர் சொல்றது சரி” என்கிறார் உன் அத்தான். சரி என்று சொன்னவர் அதன்பிறகு சங்கத்துப் பக்கமே போகவில்லை.

சங்கத்துக்குப் போகாத மனுஷன் எங்கே இருப்பார்? வீட்டில்தான் இருப்பார். வீடு ஆபீஸாகிவிட்டது. காய்கறி கொண்டுவருகிறவரிடம் பில் இரண்டு பிரதி கேட்கிறார். அவர் இப்போது எங்கள் வீட்டு வாசலில் கத்திரிக்காய் என்று கூவுவதே இல்லை, மெதுவாகத் தாண்டிப் போய் அடுத்த தெருவில் கூவுகிறார். போன வாரம் தங்கச்சி வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வருகிறேன் என்றேன். “என்ன விஷயமா?” என்றார். “சும்மா” என்றேன். “சும்மாங்கறது ஒரு காரணம் இல்ல” என்றார். நான் போகவில்லை என்று நினைக்காதே, போனேன், இரண்டு நாள் கூடத் தங்கிவிட்டு வந்தேன்.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் மத்தியானம் நான் தூங்குகிறேன் என்று நினைத்து, பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். அந்த ஒற்றை மெடலை இந்த ஓரத்தில் குத்திப் பார்க்கிறார், அந்த ஓரத்தில் குத்திப் பார்க்கிறார், நடுவில் குத்திப் பார்க்கிறார். எங்கே குத்தினாலும் மீதி இடம் காலியாகத்தான் தெரிந்தது. பிறகு கழற்றி டப்பாவில் வைத்து மூடிவிட்டார். அன்றைக்குத்தான் இதை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முதலில் அவரையே உட்கார வைத்து ரெக்கார்ட் ஆபீஸுக்கு விண்ணப்பம் எழுத வைத்தேன். பதில் வந்தது. அந்தக் காலத்தில் அந்தப் பிரிவில் பணியில் இருந்த ரெக்கார்ட் குமாஸ்தாவின் சான்று வேண்டுமாம். “நீங்கதானே அந்தக் குமாஸ்தா, எழுதிக் கொடுங்க” என்றேன். “நான்தான். அதனாலதான் நான் குடுக்க முடியாது” என்றார். அதோடு விட்டாரா, அந்தப் பதிலை இன்னொரு முறை படித்து, “நல்லா எழுதியிருக்கான். நானா இருந்தாலும் இப்படித்தான் திருப்பி அனுப்பியிருப்பேன்” என்று முகம் தெரியாத ஒருவனைப் பாராட்டுகிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்பார்கள். எங்கள் வீட்டில் பூசாரியும் அவர்தான், வரம் கேட்டு நிற்பவரும் அவர்தான்.

குமாஸ்தா சான்று இல்லாவிட்டால் கூட வேலை பார்த்த இரண்டு பேர் சாட்சி எழுதிக் கொடுக்கலாம் என்று அந்தக் கடிதத்திலேயே ஓரமாக இருந்தது. பழைய பட்டாளச் சமையல்காரர் பக்கத்துத் தெருவில் பேக்கரி வைத்திருக்கிறார். அவரிடம் போனேன். “அண்ணனுக்கு எழுத மாட்டேனா அண்ணி” என்று மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். எழுதினார், எழுதினார், உன் அத்தான் எதிரியின் டாங்கி ஒன்றைத் தனியாகப் பிடித்து இழுத்து வந்தார் என்று எழுதிவிட்டார். உன் அத்தான் ஜாம் பாட்டில் மூடியைக்கூட என்னிடம்தான் திறக்கக் கொடுப்பார். படித்துப் பார்த்து, டாங்கி இருந்த வரிகளைச் சிவப்பு மையால் அடித்து, ‘பொய்’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். சமையல்காரருக்குக் கோபம். “உதவி பண்ணவனைப் பொய்யன்னா என்ன அர்த்தம்? இனி ஒரு எழுத்து எழுத மாட்டேன் அண்ணி” என்றார்.

அவர் ஆறட்டும் என்று டிரைவரைத் தேடிப் போனேன். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர், இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். நிற்க நேரமில்லை, பின்னால் ஏறிக்கொள்ளுங்கள் என்றார். முன்னால் ஒரு பெண் அன்றைக்குத்தான் முதல்முதலாக ஸ்டியரிங்கைப் பிடிக்கிறாள், பக்கத்தில் இவர், பின்னால் நான். இன்னார் மனைவி என்று சொன்னதும் அவர் முழுதாகத் திரும்பிவிட்டார். “உங்க வீட்டுக்காரரா? என் கல்யாணத்துக்கு லீவு கேட்டேன்மா. பொண்ணு பேரு எழுதலைன்னு திருப்பி அனுப்பினாரு. எனக்கே அப்ப பொண்ணு பேரு தெரியாது. பிரேக்கைத் தொடும்மா. தெரிஞ்சுக்கிட்டு எழுதறதுக்குள்ள முகூர்த்தம் தள்ளிப் போச்சு.” அந்தப் பெண் பிரேக்கைத் தொடவில்லை, மிதித்தாள். என் நெற்றி முன் சீட்டில் இடித்தது. நான் வண்டியிலிருந்தே உன் அத்தான் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். இதற்கு மேல் இவரிடம் என்ன கேட்பது என்று இறங்கப் போனேன். “இருங்கம்மா, நான் முடிக்கலையே” என்றார். “நான் எந்தச் சண்டையில எங்க நின்னேன்னு எனக்கே மறந்து போச்சு. நான் கேக்கவே இல்ல. அவரே தேடிப் பிடிச்சு எழுதி, மெடல் வீட்டுக்கு வந்துச்சு. லீவு குடுக்க மாட்டாரு, ஆனா ஒருத்தன் மெடலையும் விட்டதில்ல.” சொல்லிவிட்டு இறங்கி, வண்டியின் பானெட்டிலேயே பேப்பரை வைத்து எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு ஓடி வந்து உன் அத்தானிடம் நீட்டினேன். முழுக்கப் படித்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு, “தேதி இல்ல. செல்லாது” என்றார்.

மறுபடியும் டிரைவிங் ஸ்கூல். இந்த முறை அந்தப் பெண் கொஞ்சம் தேறியிருந்தாள். தேதி வாங்கினேன். அங்கிருந்து நேராக பேக்கரி. தினம் போய் ஒரு பன் வாங்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் சமையல்காரர் மனசு இறங்கிப் புதிதாக எழுதி, உறையில் போட்டு ஒட்டியே கொடுத்துவிட்டார். இதையும் உன் அத்தானிடம் காட்டினால் விளங்கின மாதிரிதான் என்று, பிரிக்காமல், படிக்காமல், இரண்டையும் சேர்த்து நானே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அனுப்பி மாதக்கணக்காகிறது. பதிலே இல்லை. ஆண்டு விழாவோ அடுத்த மாதம்.

ஆகவே தம்பி, அந்த ரெக்கார்ட் ஆபீஸ் நீ இருக்கிற ஊரில்தான் இருக்கிறது. உன் வீட்டிலிருந்து ஒரே பஸ், விசாரித்துவிட்டேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போ. அங்கே யாரிடமும் சட்டம் பேசாதே, நம் குடும்பத்தில் சட்டம் பேச ஒருவர் போதும். இன்றைக்கு ஆகாது, நாளைக்கு வா என்பார்கள், நாளைக்கும் போ. பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டே இரு, உன் கொட்டாவியைப் பார்க்கச் சகிக்காமல் வேலையை முடித்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த மூன்று மெடலும் பதிவில் ஏறாமல் அக்கா வீட்டுப் படி மிதிக்காதே.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, குமாஸ்தா வேலை தவிர எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போய்ச் சீரும் சிறப்புமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நலம் மறவாத,
நீ மறந்த
அக்கா.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது தபால்காரர் வந்துவிட்டார். ரெக்கார்ட் ஆபீஸ் பதில். மூன்று மெடலும் பதிவில் ஏறிவிட்டன. நான் கூவிய கூவலில் தபால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டார். ஆனால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, நான்காவதாக ஒன்றும் ஏறியிருக்கிறது. மலை உச்சிக் காவலில் ஒரு வருஷம் முழுக்க இறங்காமல் இருந்தவர்களுக்குத் தருவதாம். அந்த வருஷம் பூராவும் தன் சமையலைத்தான் அண்ணன் சாப்பிட்டார், ஒரு நாள் இறங்கவில்லை என்று சமையல்காரர் அந்த உறைக்குள் எழுதியிருந்தாராம், பதிலில் போட்டிருக்கிறார்கள். “நாலாவது எனக்குச் சேராது, ஒரு வாரம் குறையுது. பதிவைத் திருத்தணும். அதுவரைக்கும் நாலையும் தொடக் கூடாது” என்று உன் அத்தான் புது விண்ணப்பம் எழுத உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். “ஒரு வருஷத்துல ஒரே ஒரு வாரம்தான குறையுது. அந்த ஒரு வாரம் மலையை விட்டு எங்க போயிருந்தீங்க?” என்று கத்தினேன். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. “பெரியவ பொறந்தப்ப உனக்கு ரொம்ப முடியலைன்னு தந்தி வந்துச்சே. எறங்கினா மெடல் கெடையாதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் எறங்கி வந்தேன்” என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் இதை என்னிடம் சொன்னதில்லை.

ஆகவே தம்பி, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. ரெக்கார்ட் ஆபீஸுக்கு மட்டும் கட்டாயம் போ. மெடல் கேட்காதே, அந்த நான்காவதைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல். அந்த ஒரு வாரம் என்னுடையது, அதை நான் எந்த ஆபீஸுக்கும் கொடுப்பதாக இல்லை.