நல்ல நேரத்தில் ஏறிய ட்ராக்டர்

எனக்குப் பொருள் வாங்கத் தெரியும். வாங்கலாமா, வேண்டாமா என்று தீர்மானிக்கத்தான் தெரியாது. சட்டை எடுக்கப் போனால், கடைக்காரர் விளக்கை அணைக்கும்வரை இரண்டு சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். கடைசியில் மூன்றாவது ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் ஏச்சு வாங்குவேன். இப்படிப்பட்ட ஒருவன் யாரோ பாவித்த பழைய புல்வெட்டும் ட்ராக்டர் ஒன்றைப் பார்க்கப் போனால் என்ன நடக்குமோ, அது எனக்கு நடந்தது.

(ட்ராக்டர் என்றதும் வயல் உழுகிற பெரிய சாமானை நினைத்துவிடாதீர்கள். இது ஒரு சின்னச் சோபா அளவுதான் இருக்கும். மேலே ஏறி இருந்து ஓட்டினால், அடியில் தகடு சுழன்று புல்லை வெட்டும். வெள்ளைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் இதில் ஏறி ராசா மாதிரித் தோட்டத்தைச் சுற்றி வருவார்கள்.)

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நாங்கள் லண்டனில் எங்கள் சனம் நிறைந்த மனோர் பார்க்கை விட்டு, ஒதுக்குப்புறமான அப்மின்ஸ்டர் பக்கம் வீடு மாறினோம். 'நாங்கள்' என்பது மரியாதைக்கு. மாறியவன் நான், கூட வந்தவள் என் மனைவி வதனி. அவளுக்கு மனோர் பார்க்கே போதும். கோயில் நடந்து போகிற தூரம். கறிவேப்பிலை தெருமுனையில். வீட்டில் இருமினால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "மல்லித்தண்ணி வேணுமோ?" என்று கேட்கும் சனம். நான்தான் காற்று, வெளிச்சம், மகள் ஓடித் திரிய இடம் என்று பிரசங்கம் செய்து அவளைக் கிளப்பிக்கொண்டு வந்தேன்.

புது வீடு சின்னது. பின்தோட்டம் நீளமோ நீளம், அடுத்த தெரு வேலிவரை போனது. குளிர்காலத்தில் வீடு பார்த்தபோது புல் படுத்துக் கிடந்தது. சித்திரையில் எழும்பியது. மின்சாரப் புல்வெட்டி ஒன்று வாங்கி வந்து வெட்டினேன். முதல் நாளே புல்லோடு சேர்த்து அதன் வயரையும் வெட்டினேன். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, காட்டு விலங்குகளுக்காக விட்டு வைத்திருக்கிறீர்களா என்று மிகவும் மரியாதையாக விசாரித்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வதனி சொன்னாள்: "கதைக்கப் பேச ஒருத்தரும் இல்லை. யன்னலைத் திறந்தா புல்லு. இந்த மாசம் முடியிறதுக்குள்ளை உதுக்கு ஒரு வழி பண்ணுங்கோ. இல்லாட்டி வீட்டை வித்துப்போட்டு மனோர் பார்க்குக்கே போவம். நான் பகிடிக்குச் சொல்லேல்லை."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். எனக்கு அதில் நல்ல பழக்கம். அவள் அழுதுகொண்டு சொன்னாள். இந்தப் புல்லை வெட்டாவிட்டால் வீடு போய்விடும் என்பது அப்போதுதான் உறைத்தது.

உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஏறியிருந்து ஓட்டும் புல்வெட்டும் ட்ராக்டர், ஒருவரே பாவித்தது, நல்ல நிலை. வாங்கலாமா? நாலு நாள் யோசித்தேன். பெற்றோல் எவ்வளவு குடிக்கும்? எங்கே நிறுத்துவது? பழுதானால் யார் பார்ப்பது? யோசித்து யோசித்து யோசனை பெருகியதே தவிர முடிவு வரவில்லை. கடைசியில் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் வதனியின் தமையனுக்குப் போன் செய்தேன். நான் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். சாமான் ஏற்றுகிற வான் மூன்று வாங்கி மூன்றையும் நட்டத்துக்கு விற்றவர். அதனால் எங்கள் குடும்பத்தில் அவர்தான் வாகன நிபுணர்.

"போய்ப் பாப்பம். நான் வானைக் கொண்டு வாறன்" என்றார்.

"பாக்கத்தானே போறம், வான் என்னத்துக்கு அத்தான்?"

"பிடிச்சா ஏத்த வேணுமெல்லே?"

"பிடிக்காட்டி?"

"பிடிக்காட்டியும் வெறும் வானோடை திரும்பி வாறது சரியில்லைத் தம்பி."

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வருவதாகச் சொன்ன அத்தான், மூன்று மணிக்கு வந்தார். விற்பவருடைய வீடு ரோம்ஃபோர்ட்டுக்கும் அப்பால். வதனியையும் ஏற்றிக்கொண்டு நாங்கள் போய் இறங்கியபோது நாலு மணி தாண்டிவிட்டது. அவர் பெயர் ஜெஃப். உயரமான கிழவர், கையில் தேநீர்க் கோப்பை. அந்தக் கோப்பை கடைசிவரை அவர் கையை விட்டு இறங்கவில்லை. பெரிய தோட்டம், புல் கம்பளம் விரித்தது போல் கிடந்தது. ஒரு பக்கம் உடுப்புக் காயப் போட்ட கொடி, அதற்கு அப்பால் நீண்ட பாத்தியில் சிவப்பும் மஞ்சளுமாக டியூலிப் பூக்கள். நடுவில் சிவப்பு நிறத்தில் ட்ராக்டர்.

அத்தான் வேலையைத் தொடங்கினார். சில்லை உதைந்தார். மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். பிறகு ஜெஃபிடம், இதற்கு ஏதாவது விபத்து நடந்ததா என்று கேட்டார். இது என் தோட்டத்தை விட்டு வெளியே போனதே இல்லை என்றார் ஜெஃப். அத்தான் அதை நம்பாதவர் போலத் தலையை ஆட்டினார்.

எனக்குப் பழையபடி சந்தேகங்கள் கிளம்பின. பச்சை நிறமாக இருந்திருந்தால் நல்லது. சிவப்பு என்றால் பெற்றோல் கூடக் குடிக்குமோ? (என்ன தர்க்கம் என்று கேட்காதையுங்கோ.) நான் ட்ராக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வதனி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, நாலரைக்கு இராகு காலம் துடங்குது."

"லண்டனிலை கோடைக்கு ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறாங்கள். அது இராகுவுக்குத் தெரியுமோ?" என்றார் அத்தான்.

"கடைக் கலண்டரிலை நாலரை எண்டுதான் போட்டிருக்கு. கெதியா ஏறி ஸ்டார்ட் பண்ணுங்கோ."

"வாங்கிறதோ இல்லையோ எண்டு நான் இன்னும் முடிவெடுக்கேல்லை."

"அதைப் பிறகு எடுங்கோ. வாங்கினா, நல்ல நேரத்திலை ஏறினதாப் போகும். வாங்காட்டி ஒண்டுமில்லை."

வதனி கைப்பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்து முன் சில்லுகளின் அடியில் வைத்தாள். புது வாகனத்துக்குச் செய்கிற காரியம். வாங்கிய பிறகுதான் செய்வார்கள். ஜெஃப் குனிந்து பார்த்து, இங்கே சரிவு கிடையாது, வண்டி உருளாது என்றார். இது எங்கள் வழக்கம் என்றேன். "ஆ" என்றார். இங்கிலாந்துக்காரருக்கு ஒன்றும் விளங்காதபோது அப்படித்தான் சொல்வார்கள்.

நான் ஏறி இருந்தேன். ஜெஃப் ஆறுதலாக விளக்கத் தொடங்கினார். இந்தப் பெடலை இடது காலால் முழுதாக அமத்து. சாவியைத் திருப்பு. இந்தப் பிடியை முன்னுக்குத் தள்ளு. பெடலில் இருந்து காலை மெதுவாக எடு. இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது என்னவென்றால்...

"ரெண்டு நிமிசந்தான் கிடக்கு!" என்றாள் வதனி.

"போதும், விளங்கிவிட்டது. நான் கார் ஓட்டுகிறவன்தானே" என்று ஜெஃபிடம் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

ட்ராக்டர் உறுமியது. காலை எடுத்தேன். வண்டி ஒரு குதி குதித்து முன்னே போக, எலுமிச்சம்பழம் இரண்டும் பிசுக்கென்று நசுங்கின. அத்தான் கை தட்டினார். வதனி கண்ணை மூடிக் கும்பிட்டாள். சடங்கு சிறப்பாக முடிந்தது. இனி நிற்பாட்ட வேண்டியதுதான்.

இங்கேதான் சிக்கல். என் கார் ஓட்டோமாட்டிக். இடது காலுக்கு அதில் வேலை இல்லை, சும்மா கூட வரும். அவசரம் என்றால் நான் வலது காலால் அமத்துவேன். ட்ராக்டரில் வலது கால் இருந்த இடத்தில் வெறும் இரும்புத் தகடு. அதை என் பலம் கொண்ட மட்டும் மிதித்தேன். நிற்பாட்டும் பெடல் இடது பக்கம் சும்மா இருந்தது. காலை வைத்தால் நிற்கும், எடுத்தால் ஓடும். நான் எடுத்திருந்தேன்.

பெரிய வேகம் என்று நினைக்காதீர்கள். மனிதர் நடக்கிற வேகம். அதுதான் அவமானம். வேகமாகப் போய் மோதினாலாவது ஒரு கௌரவம் இருந்திருக்கும். வதனி கைப்பையைத் தோளில் மாட்டியபடி என் பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

"நிப்பாட்டுங்கோ."

"நிப்பாட்டத்தான் பாக்கிறன்."

"பாக்காமல் நிப்பாட்டுங்கோ!"

மற்றப் பக்கத்தில் அத்தான். "சவுண்ட் நல்லாயிருக்குத் தம்பி! எஞ்சின் தங்கம்!"

பின்னால் ஜெஃப், தேநீர் சிந்தாமல் நடந்து வந்தார். ஒரு கையை மேலே மேலே உயர்த்தி ஏதோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மனுசன் கடவுளைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிரே கொட்டில் வந்தது. திருப்பினேன். உடுப்புக் கொடி வந்தது. குனிந்தேன். ஜெஃபின் கோடு போட்ட பைஜாமா ஒன்று என் கழுத்தில் மாலையாக விழுந்தது. இது சரிவராது என்று பக்கத்தில் இருந்த ஒரு பிடியைக் கை பிறேக் என்று நம்பி இழுத்தேன். அது பிறேக் இல்லை. அடியில் தகடு சுழலத் தொடங்கியது. அப்போது நாங்கள் டியூலிப் பாத்தியின் ஒரு முனையில் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் மறு முனையில் இருந்தோம். கடைசியில் குப்பை உரக் குவியல் ஒன்றில் மூக்கைக் குத்தி, சில்லுகள் அங்கேயே சுழன்றபடி வண்டி நின்றது.

நான் பைஜாமாவோடு எழும்பினேன். எழும்பிய கணமே எஞ்சின் பொக்கென்று நின்றுவிட்டது.

ஜெஃப் ஒரு மிடறு தேநீர் குடித்தார். "இதைத்தான் சொல்ல வந்தேன். இருக்கையில் ஆள் இல்லாவிட்டால் எஞ்சின் தானாக நின்றுவிடும். நீ எழும்பியிருந்தாலே போதும்."

அவ்வளவு தூரமும் நான் அந்த இருக்கையில்தான் ஒட்டிக்கொண்டு இருந்தேன்.

டியூலிப்புக்காக மன்னிப்புக் கேட்டேன். ஜெஃப் கையை அசைத்தார். அடுத்த மாதம் கடற்கரைப் பக்கம் தோட்டமில்லாத மாடி வீட்டுக்குப் போகிறாராம். இந்தத் தோட்டத்தை வாங்கியவர் கார் விடச் சீமெந்து போடப் போகிறாராம். "பூக்கள் எப்படியும் போகப் போகின்றன. யாராவது ரசித்துச் செய்தால் நல்லதுதான்" என்றார்.

வதனி பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏச்சுக்குத் தயாரானேன்.

"என்ன நேர்த்தியா வெட்டியிருக்கு, பாருங்கோ" என்றாள்.

பிறகு சேலையைச் செருகிக்கொண்டு ட்ராக்டரில் ஏறினாள். அத்தான் பதறினார். "வதனி, இராகு காலம் துடங்கீட்டுது!"

"நல்ல நேரத்திலை ஏறினவர் என்ன செய்தவர் எண்டு பாத்தனீங்கள்தானே, அண்ணை?"

வதனி மூன்று தரம் கார் ஓட்டும் சோதனையில் தோற்றவள். மூன்று தரமும் ஒரே குற்றம்: கிளட்சில் வைத்த காலை எடுக்கவே மாட்டாள். இந்த ட்ராக்டரில் கிளட்சும் பிறேக்கும் ஒரே பெடல். காலை அதில் வைத்திருப்பதுதான் பத்திரம். உலகத்திலேயே அவளுக்கென்று செய்த வாகனம் அன்று ரோம்ஃபோர்ட்டுக்கு அப்பால் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஜெஃப் காட்டிய பிடியை இழுத்துக் குவியலிலிருந்து பின்னால் எடுத்தாள். கொட்டிலைச் சுற்றினாள். கொடிக்கு அடியில் குனிந்து போனாள். திரும்பி வந்து ஜெஃபின் காலடியில் நிற்பாட்டினாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வீடு மாறிய பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஜெஃப் என்னைப் பார்த்தார். "உனக்கு இதை விற்க மாட்டேன். என் மனச்சாட்சி இடம் தராது. அந்த அம்மாவுக்கு என்றால் விற்பேன்."

"எடுப்பம்" என்றாள் வதனி. நாலு நாளாக எனக்கு வராத முடிவு.

அத்தானும் ஜெஃபும் பலகை வைத்து அதை வானில் ஏற்றும்போது, நான் மெதுவாகக் கேட்டேன். "அப்ப மனோர் பார்க்?"

"விசரே உங்களுக்கு? உதைக் கொண்டுபோய் மனோர் பார்க்கிலை எங்கை ஓட்டுறது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பைஜாமாவில் துடைத்தேன். அது இன்னும் என் கழுத்தில்தான் இருந்தது.

அந்தக் கோடை முழுவதும் வதனி ட்ராக்டரில் இருந்தாள். எங்கள் புல் முடிந்ததும் பக்கத்து வீட்டு ஆசிரியருடைய புல்லையும் வெட்டிக் கொடுத்தாள். அவர் பதிலுக்கு மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த தெருவில் இருந்து ஒரு கிழவி வேலியால் கேக் நீட்டினாள். மனோர் பார்க்கிலிருந்து வதனியுடைய சிநேகிதிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஏறி வந்தார்கள், ஆளுக்கு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க. ஒரு வருடத்துக்குள் அந்தப் பகுதி முழுவதற்கும் அவளைத் தெரிந்தது. என்னை 'வதனியின் கணவர்' என்று தெரிந்தது. எனக்கு வேலி ஓரத்துப் புல்லைக் கத்தரிக்கோலால் வெட்டும் வேலை தரப்பட்டது. இன்றுவரை பதவி உயர்வு இல்லை.

வீட்டில் ஒரு பழக்கமும் வந்துவிட்டது. நான் கதிரையில் இருந்து அரசியலோ வேறு எதுவோ தொடங்கி நிற்பாட்டத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தால், வதனியோ மகளோ "எழும்புங்கோ" என்பார்கள். நான் எழும்புவேன். பேச்சு நின்றுவிடும். வந்திருக்கும் விருந்தாளிகளுக்கும் காரணம் தெரியும். அத்தான் எல்லாருக்கும் நடித்தே காட்டியிருக்கிறார்.

போன வருடம் நான் ஓய்வு பெற்றேன். மகள் கலியாணம் செய்து போய்விட்டாள், எனக்கு முழங்கால் நோ. ஒரு சனிக்கிழமை காலை, கதிரையில் சாய்ந்து இருந்து வதனியிடம் விளக்கினேன். இந்த வீடு இனி எங்களுக்குப் பெரிது. மனோர் பார்க்கில் சின்னதாக ஒன்று பார்ப்போம். படி ஏறத் தேவையில்லை, கடை கிட்ட, வைத்தியர் கிட்ட, நினைத்த நேரம் கோயிலுக்குப் போகலாம். நாலு நாளல்ல, நாலு மாதம் யோசித்து அடுக்கிய நியாயங்கள். வதனி தோட்டத்துச் சப்பாத்தின் நாடாவைக் கட்டியபடி பொறுமையாகக் கேட்டாள். இப்போது இருப்பது மூன்றாவது ட்ராக்டர், அதன் சாவி அவள் மடியில் கிடந்தது.

"முடிஞ்சுதோ?"

"இல்லை, இன்னும் கிடக்கு" என்றேன்.

"எழும்புங்கோ" என்று சொல்லிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு அவள் புல்லு வெட்டப் போய்விட்டாள்.