எறும்புக்கு ஐந்து முறை சாட்டையடி

இஸ்ரேலின் பினே பிராக் நகரம் இன்னும் பூமிக்குள் போய்விடாமல் நிற்கிறதென்றால், அதற்கு மதச் சட்டம் கற்ற ரெப் ஃபிஷல் கீரை பார்க்கும் பார்வைதான் காரணம்.

யூதர்களின் பஸ்கா பண்டிகை நெருங்கிவிட்டது. கீரையோடு ஒரு பூச்சி வயிற்றுக்குள் போனாலும் அவர்கள் சட்டப்படி பாவம். விளக்குப் பெட்டியின்மேல் லெட்டூஸ் இலையை விரித்து, பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தார். ஓர் இலையில் எறும்பு! புலியைக் கண்டவர்போல் எழுந்து நின்றார்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு மிந்தல், அந்நிய ஆணோடு தனித்திருக்கக் கூடாதென்ற ஆசாரப்படி கதவைத் திறந்தே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவள் மகள் பெய்லாவுக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். பையனின் தாய் வழக்கப்படி அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது ரெப் ஃபிஷலையும் போனில் கேட்டாள். அந்த மகான் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. "அந்தக் குடும்பமா? ஹும்... நான் எதுவும் சொல்ல விரும்பல" என்று 'கண்ணியமாக' முடித்துக்கொண்டார். அந்த அம்மாள் இன்று சாயங்காலம் முடிவு சொல்வதாக இருந்தாள்.

"எங்க வீட்ல என்ன குறையக் கண்டீங்க?" என்றாள் மிந்தல்.

"நான் வாயே திறக்கலயே!"

"அந்த 'ஹும்' ஒண்ணு போதாதா? சரி, இந்த எறும்பத் தின்னா என்ன தண்டனை?"

ரெப் ஃபிஷலின் முகம் மலர்ந்தது. "அஞ்சு தடவை சாட்டையடி! இப்ப அடிக்க ஆளில்ல. ஆனா சட்டம் சட்டந்தான்."

"என் பொண்ணு வாழ்க்கையக் கெடுத்தா?"

"பேச்சு செயல் ஆகாது, அதுக்கு அடி கிடையாது. 'ஹும்' பேச்சுகூட இல்லையே!"

"அப்ப இப்பவே போன் போட்டு, நல்ல பொண்ணுன்னு சொல்லுங்க."

"ஐயய்யோ! ஒருத்தர ரொம்பப் புகழ்ந்தா, கேக்கறவங்க குறை தேடக் கிளம்பிடுவாங்க. அதுவும் புறணியில சேர்த்தி. அந்தப் பாவம் எனக்கெதுக்கு?"

சட்டம் கற்றவர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

மிந்தல் எறும்பிருந்த இலையை எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

"போடும்மா கீழே!" ரெப் ஃபிஷல் மேசையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். அவள் ஆத்துமாவைப் பற்றிய அவர் கவலை நிஜமானது.

"ஏன் பதறறீங்க? அடி வாங்கினா பாவம் கழுவிப் போயிடும்னு நீங்கதானே பாடம் சொல்றீங்க! எனக்கு அஞ்சு தடவையோட தீந்துது. உங்களுக்குத்தான் அடியே கிடையாதே, நீங்க எதுல கழுவுவீங்க?"

ரெப் ஃபிஷலுக்குச் சுருக்கென்றது. நோகடித்தவன், நொந்தவரிடமே மன்னிப்பு வாங்கினாலொழியக் கடவுளும் மன்னிக்க மாட்டார். சட்டப் புத்தகத்தில் அந்தப் பக்கம் அவருக்கு மனப்பாடம். கை மெல்லப் போன் பக்கம் போனது. அப்போதுதான் இலையைக் கவனித்தார்.

"எறும்பக் காணோமே!"

மண்டியிட்டுத் தேட ஆரம்பித்தார். மிந்தல் இலையை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

சாயங்காலம் சம்பந்தம் முறிந்தது. எறும்பு உயிரோடு கிடைத்தது. ரெப் ஃபிஷல் அதை ஒரு காகிதத்தில் ஏந்திப்போய், கால் ஒடியாமல் மரத்தடியில் விட்டார்.

எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர் என்று தெருவே அவரைப் புகழ்கிறது. உண்மைதான், எறும்பாகப் பிறந்தவர்கள் அவரை நம்பலாம்.