உஷ் நைனாவின் உள்ளங்கை

பழவேற்காட்டுக் கோட்டையில் டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் இருந்த காலத்தில், உஷ் நைனாவைப் போலப் பயந்தாங்கொள்ளி இந்தக் கடற்கரையிலேயே கிடையாது. அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலை, வெடிமருந்துச் சாலையில் மேஸ்திரி.

வேலைக்குப் போகும் எங்களை வாசலிலேயே நிறுத்தித் தடவிச் சோதிப்பார். இரும்புச் சாவி, தாயத்து, எதுவும் உள்ளே போகக்கூடாது. யாராவது தும்மப்போனால் "உஷ்!" என்று பாய்ந்து மூக்கைப் பிடிப்பார். தும்மினால் மருந்து வெடிக்காது என்று சொல்லிப் பார்த்தேன்.

"வெடிச்ச பெறகு வந்து சொல்லு," என்றார்.

வீட்டில் கடுகு தாளிக்கவும் தடை. படபடவென்று சத்தம் கேட்டால் தெருவுக்கு ஓடிவிடுவார்.

ஒருநாள் கப்பல் அவசரம். எங்கேயோ சண்டையாம், மருந்து உடனே ஏற வேண்டும். புதிதாய் அரைத்த மருந்தை உலர்த்தப் பாய் போதவில்லை. எங்களோடு வேலை செய்த என் மச்சான், தோணிரேவு மீனவக் குப்பத்துக்காரன், தன் வீட்டுக்கு ஓடி, கருவாட்டுப் பாய்களை அள்ளிவந்து விரித்துவிட்டான். மீன் காய்கிற பாயில் மருந்து காயாதா என்பது அவன் நினைப்பு. அதுவோ உப்பு ஊறிய பாய். ஏரிக்காற்றின் ஈரத்தையெல்லாம் இழுத்து மருந்துக்குக் கொடுத்துவிட்டது.

காலையில் நைனா ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தார். முகம் வெளுத்தது.

"இன்னாடா இது, கருவாடு மாதிரி கரிக்குது?"

மருந்தைக் கெடுத்தவனுக்குச் சவுக்கடி நிச்சயம். மச்சான் அழ ஆரம்பித்தான்.

"காட்டிக் குடுத்துடாத நைனா!"

அதற்குள் கோட்டையின் ஒல்லாந்துத் துரை வந்துவிட்டார். எல்லோரையும் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். சோதனை அங்கேதான். துளி மருந்தை உள்ளங்கையில் வைத்துக் கயிற்றுத் திரியால் கொளுத்த வேண்டும். நல்ல மருந்து பட்டென்று எரிந்து மேலே போய்விடும், கை சுடாது. ஈர மருந்து அங்கேயே உட்கார்ந்து சீறித் தோலை உரித்துவிடும். வழக்கமாக நைனா வேறு யாரையாவது நிறுத்திவிட்டுப் பனைமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்.

துரை மச்சானைக் கூப்பிட்டார். நைனா குறுக்கே புகுந்து தன் கையை நீட்டினார். நடுங்கிய நடுக்கத்தில் பாதி மருந்து மணலில் கொட்டியது.

திரி பட்டதும் ஒரே புகை. துரை கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் திரும்புவதற்குள் நைனா விரல்களை இறுக மூடிவிட்டார்.

"சுட்டதா?" என்று துரைக்கு மொழிபெயர்க்கும் துபாஷி கேட்டார்.

"லேசா கூசுது, அவ்ளோதான்."

கப்பல் போய்விட்டது. அந்த மருந்தை நம்பிச் சண்டைக்குப் போனவர்களை நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது.

புண் ஆறும்வரை மச்சான்தான் அவருக்குச் சோறு ஊட்டினான். ஒவ்வொரு கவளத்துக்கும், "சுடப்போவுதுடா, ஊதிக் குடு," என்று தலையைப் பின்னுக்கு இழுப்பார். அவனும் ஊதி ஊதி ஊட்டுவான்.