ஒடியல் சேரும் ஈரக் காற்றும்

யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் காற்றோடு சண்டை பிடித்த மனிதர் ஒடியல் சேர் ஒருவர்தான். கோப்பாயில் எனக்குப் பக்கத்து வீடு. பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பித்தவர், அதனால் ஊருக்கே 'சேர்'. கலியாணம் கட்டவில்லை, தாயாரும் அவரும்தான். காலையில் கதவைத் திறந்ததும், "சீ, உதென்ன காற்று! பிழிஞ்சால் தண்ணி வரும்" என்பார்.

நட்சத்திரம் பிறக்கிற குளிர் முகில்களிலிருந்து தெராஹேர்ட்ஸ் என்றொரு கதிர் வருகிறதாம். காற்றிலுள்ள நீராவி அதை வழியிலேயே குடித்துவிடுமாம். "ஒடியல் மாதிரிக் காத்தும் காயவேணும் தம்பி. அது தென்துருவத்திலைதான்" என்று, வெயிலில் காய்ந்த பனங்கிழங்கான ஒடியலைச் சந்திக்குச் சந்தி இழுத்ததில் வந்த பட்டம் அது. ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையையே பிடித்துவைத்து விளங்கப்படுத்தினார். முகூர்த்தம் தவறாமல் தப்பியது அருந்தப்பு.

ஒருவழியாகத் தென்துருவத் தொலைநோக்கி ஒன்றில் குளிர்காலம் முழுவதும் தங்கும் வேலை கிடைத்தது. குளிர்காலம் தொடங்கினால் அங்கே விமானம் இறங்காது. தாயாருக்கோ இருதய வருத்தம். சேர் தயங்கினார்.

"நீ போ ராசா. நான் எங்கை ஓடப்போறன்?" என்று அனுப்பிவைத்தது அந்த மனுசிதான்.

ஆடி மாதம், துருவத்தில் நடுக் குளிர்காலம், தாயார் கண்ணை மூடினார்.

பிள்ளை வெளிநாட்டிலென்றால் வந்து சேரும்வரை பிரேதத்தை வைத்திருப்பது எங்கள் வழக்கம். சவப்பெட்டி கொண்டுவந்தவர் என்னிடம் கேட்டார். "மகன் எப்ப வாறார்?"

"கார்த்திகையிலை."

"செத்தவீட்டிலை பகிடி விடாதையும். கனடாவிலையிருந்தே இரண்டு நாளிலை வந்திடுகினம்!"

பிளேன் போகாத ஊரும் இருக்கிறதென்று ஒருவரும் நம்பவில்லை. பிறகு சேரே போனில் வந்தார்.

"தம்பி, அம்மாவைக் காக்க வைக்காதை. நீ கொள்ளி வை. வெளியிலை நிண்டு அழவும் ஏலாதடா. கண்ணீர் இமையிலேயே உறையுது."

சொந்தத்தில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் கடல் கடந்துவிட்டார்கள். நான் கொள்ளி வைத்தேன். கீரிமலைக் கடற்கரையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் செய்தேன். பெற்ற தாய்க்குப் போல அழுதேன்.

கார்த்திகையில் அவர் வந்தார். தன் வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தார். மெலிந்திருந்தார். என்ன கேட்பதென்று தெரியாமல், "சேர், முகிலைக் கண்டீங்களோ?" என்றேன்.

"கண்டனான். அம்மா கண்மூடின கிழமைதான் ஆகத் திறமான வானம். காத்திலை துளி ஈரமில்லை. எழும்பிப் போய் வேலை செய்தன் தம்பி. அனுப்பினவ அவதானே."

இருவரும் அவர் வீட்டைத் திறந்தோம். தாயாரின் படத்துக்கு முன்னால் இருந்த விளக்கில் எண்ணெய் விட்டு, நெருப்புப்பெட்டியை என் கையில் தந்தார். "நீ கொளுத்து. கொள்ளி வைச்ச பிள்ளை நீதான்."

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை.

"வாங்கோ அண்ணை," என்றேன், "இரண்டு பேருமாய்க் கொளுத்துவம்."