ரொறன்ரோவில் இலை பார்க்கப் போய் நான் கொடுத்த சம்மதம்

மாமாங்கேஸ்வரர் துணை

ரொறன்ரோ,
ஐப்பசி மாதம்

அன்புள்ள தங்கச்சி இலட்சுமிப்பிள்ளைக்கு,

உடம்பளவில் சுகமாக இருக்கிறேன். நீயும் சுகமென்றால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து இதை வாசி. சுகமில்லையென்றால் நாளைக்கு வாசி. வட்ஸ்அப்பில் சொன்னால் உன் பிள்ளைகள் அமிர்தகழி ஊர் முழுவதற்கும் கேட்கப் போடுவார்கள். ஆகவே தாளில் எழுதுகிறேன்.

இங்கே இலையுதிர்காலம். விழப்போகும் இலைகளைப் பார்ப்பதற்கென்றே சனம் சாப்பாடு கட்டிக்கொண்டு காரில் போகிறது. என் மகள் அஜந்தாவும் என்னைக் கூட்டிப் போனாள். முதலில் நகரத்தின் உயர்ந்த கோபுரம். அங்கே லிப்ட் வாசலில் வாழைச்சேனை அழகரத்தினம் நின்றார். கடதாசி ஆலையில் வேலை பார்த்தவர், மனைவியை இழந்தவர், மகள் வயிற்றுப் பேரன் ஜெயரூபனோடு இங்கே வசிப்பவர். அவனும் பக்கத்தில் நின்றான். அடுத்த கிழமை நயாகரா. சாரலில் நீல மழையங்கிக்குள் அதே அழகரத்தினம், அதே பேரன். பிறகு அப்பிள் தோட்டங்கள் உள்ள ஒரு சிற்றூர். அங்கேயும் கூடையும் கையுமாக இருவரும். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எங்களோடு வரும் என் பேத்தி, அஜந்தாவின் மகள் யசோதினிக்கு இருபத்தாறு வயது. பேரனுக்குப் பெண் பார்க்கிறார்கள், கேட்கத்தான் தயங்குகிறார்கள். முறை தெரிந்தவள் நான் ஒருத்திதானே என்று, சிவந்த மேப்பிள் மரத்தடியில் நானே தொடங்கினேன்.

"நீங்க என்ன குடி?"

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தன் தாய்வழிக் குடியைச் சொன்னார். நம்முடைய குடி அல்ல, சம்பந்தம் செய்யலாம். பேரனின் குடி பேரனின் தாய்வழியில் அல்லவா வரும், இவர் ஏன் தன்னுடையதைச் சொல்கிறார் என்று அந்த இடத்திலேயே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"வீடு பொம்பிளைப் பக்கம். மாப்பிளைதான் நம்மட வீட்டுக்கு வந்து இருக்கவேணும். சம்மதமா?"

"ஓம். எனக்கு அதில ஒரு குறையுமில்ல" என்றார், கண் கலங்கி.

"அப்ப எங்களுக்கும் சம்மதம்."

எல்லோரும் கைதட்டினார்கள். யசோதினி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள்.

"அம்மம்மா, கூறைச் சேலை என்ன கலர்?"

"உனக்குச் சிவப்பு. எனக்குச் சாம்பல் நிறம் போதும்."

"கலியாணப் பொம்பிளை சாம்பல் கலரா உடுக்கிறது?"

தங்கச்சி, என் கையிலிருந்த அப்பிள் விழுந்து உருண்டது. ஜெயரூபனுக்குக் கலியாணமாகி ஒரு பிள்ளையும் இருக்கிறதாம்! கொன்வென்ற்றில் ஒழுக்கத்துக்குப் பரிசு வாங்கிய நான், எழுபத்திரண்டு வயதில், அத்தனை பேர் முன்னிலையில், என்னையே பெண் கொடுத்துவிட்டு நிற்கிறேன்.

"அப்பா போனபிறகு நீங்க அங்க தனிய இருக்கிறீங்க எண்டுதானம்மா" என்கிறாள் அஜந்தா, கொஞ்சமும் கூசாமல்.

நானா தனியாக இருக்கிறேன்? மழை இல்லாத ஞாயிறுகளில் நீ வருகிறாய் அல்லவா? கொடுத்த சொல்லை நான் இதுவரை மாற்றியதில்லை; இதை மாற்றியே ஆகவேண்டும். நாளை நேரில் போய் முடியாதென்று சொல்லிவிட்டு, அடுத்த மாதம் ஊருக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வேன். இந்த வெட்கம் உன்னோடு நிற்கட்டும்.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, சத்தம் குறைந்து, நீடு வாழ்க.

உன் அக்கா,
திருமதி ஞானேஸ்வரி கணபதிப்பிள்ளை

பி.கு.: முடியாதென்று சொல்லப் போனேன். மனிதர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் குடித்து முடித்ததும் கோப்பையைத் தானே கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தார். நான் இன்னொரு கோப்பை தேத்தண்ணி கேட்டேன். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் பிடிக்கும்போது இரண்டு பேருடைய சாமான்களும் கொள்ளக்கூடியதாகப் பார்த்துப் பிடி.