நீர் ஊற்றாமைப் பிரிவு

எங்கள் அலுவலகத் தோட்டத்தில் நட்ட எதுவும் உருப்பட்டதில்லை. பாலைவனத்து ஊர். ரோஜா வைத்தோம், கருகியது. வெளியூர்ப் புல்தரை போட்டோம், அதுவும் கருகியது. கடைசியில், நாட்டுப்புல் வளர்ப்பதே இனி நாகரிகம் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பக்கத்துப் பொட்டலில் ஆடுகூட யோசித்துத் தின்னும் புல்லைப் பெயர்த்து வந்து நட்டோம். இடுப்புயரம் வளர்ந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்கவில்லை.

"தண்ணியே வேண்டாம்னா, தண்ணி ஊத்துற ஆள் எதுக்கு?" என்றார் மேலாளர்.

ஊற்றுகிற ஆள் என் மனைவியின் தம்பி. இருபது வருடமாக அதே வாளி, அதே வேலை. அன்று மதியமே என் மேஜை முன்னால் வந்து நின்றான்.

"அத்தான், என் வேலைக்கு உலை வெச்சுட்டாங்க. நீங்கதான் ஏதாவது எழுதணும்."

இவன் வேலை போனால் வீட்டில் சோறு கிடைக்காது; அவனுக்கல்ல, எனக்கு. உட்கார்ந்து எழுதினேன்: 'மேற்படி புல்லுக்கு நீர் ஊற்றினால் அழுகிவிடும் அபாயம் உள்ளபடியால், எவரும் ஊற்றாமலிருப்பதை அன்றாடம் உறுதிசெய்ய ஒரு நபர் இன்றியமையாதவர்.'

மேலாளர் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "ஒருத்தர் எப்படிய்யா போதும்? அவரே ஊத்திடாம யார் பார்க்கிறது?"

பார்க்க ஒரு மேற்பார்வையாளர். 'இன்று ஊற்றப்படவில்லை' என்று பதிய ஓர் எழுத்தர். அதில் முத்திரை குத்த ஒருவர். எல்லோருக்கும் தலைவராக, யோசனை சொன்ன அடியேன். உட்கார இடம்? காலியாக இருந்தது தோட்டம் ஒன்றுதான். புல்லைப் பிடுங்கிவிட்டுக் கட்டடம் எழுப்பினோம்.

ஊற்றுகிறவன் இருக்கிற இடத்தில் ஊற்றாமை எப்படி உருப்படும் என்று, மைத்துனன் வேலையை முதல் நாளே ரத்து செய்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. புது அறையில் ஏசி இருந்தது.

அந்த ஆண்டின் சிறந்த பிரிவு என்று எங்களுக்குக் கேடயம் கிடைத்தது. விழாவில் ஊரே கைதட்டியது. மறுநாள் அதே ஊர், மகனுக்கு, மருமகளுக்கு, சிலர் தமக்கே வேலை கேட்டு வாசலில் வரிசை கட்டியது. புல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

வரிசையில் என் மைத்துனனும் நின்றான்.

"உட்காருடா," என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் படிவத்தை நிரப்பியாக வேண்டுமே. "முன் அனுபவம்?"

"என்ன அத்தான், தெரியாத மாதிரி கேக்கறீங்க? இருபது வருஷமா தண்ணி ஊத்தியிருக்கேன்."

'பணிக்கு நேர்விரோதமான அனுபவம்: இருபது ஆண்டுகள்' என்று எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.